மழை எங்கே சார்?
ஓவிய வாத்தியார் பதில்கள்

போன இதழின் நடுப்பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தோம். குஸ்தாவ் கய்போத் என்ற பிரெஞ்சுக்காரர் 1877-ல் வரைந்த 'பாரிஸ் தெரு, மழை நாள்'. பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கல் பாவிய பெரிய சந்தி, நாலைந்து தெருக்கள் வந்து சேரும் இடம். வலது பக்க நடைபாதையில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே குடைக்குள் நம்மை நோக்கி வருகிறார்கள். நடுவில் பச்சை நிற விளக்குக் கம்பம். கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஆளுக்கொரு சாம்பல் நிறக் குடையைப் பிடித்துக்கொண்டு திசைக்கொருவராகப் போகிறார்கள். தூரத்தில் கப்பல் முனை மாதிரி கூம்பிய ஒரு கட்டடம். அவ்வளவுதான் படம். ராஜா இல்லை, சாமி இல்லை, சண்டை இல்லை.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அதைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். யானைக்கு எத்தனை நகம் வரைய வேண்டும் என்று கேட்ட வேதாரண்யம் அன்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

மழை நாள் என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். ஒரு துளிகூடக் கண்ணில் படவில்லையே? மழை எங்கே சார்?
- ஒரு வாசகி, பாபநாசம்

சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள் அம்மா. அந்தப் படத்தில் மழை வரையப்படவே இல்லை. கோடு இல்லை, புள்ளி இல்லை, காற்றில் சாய்ந்த சாரல் இல்லை. ஆனாலும் பெயரைப் பார்க்காமலேயே எல்லோரும் மழை என்றுதான் சொல்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பையன்களிடம் மழையை வரையச் சொன்னால் நாற்பது பேரும் ஸ்கேலை எடுப்பார்கள். மேலே ஒரு மேகம், அதிலிருந்து சாய்வாக ஐம்பது கோடு. ஒரு ஐப்பசியில் வெளியே கொட்டிக்கொண்டிருந்தபோது எல்லோரையும் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து, "எங்கேடா கோடு, காட்டுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் சொன்னான்: "சார், மழை தெரியல சார். ஓட்டுலேர்ந்து விழுற தண்ணிதான் தெரியுது." கய்போத்துக்குத் தெரிந்ததும் அதுதான். மழை தெரியாது, மழை பட்ட இடம்தான் தெரியும்.

ஜப்பான்காரர்கள் மழையைக் கோடாகவே போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹிரோஷிகே 1857-ல் போட்ட பாலத்து மழையில் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடுகள்தான். மரக்கட்டையில் செதுக்கி அச்சடிக்கிறவருக்குக் கோடுதான் பாஷை, அவருக்கு அது சரி. எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவர் வேறு வழி பார்க்க வேண்டும்.

இப்போது போன இதழை எடுத்து அந்தப் படத்தின் கீழ்ப் பாதியை மட்டும் பாருங்கள், மேல் பாதியைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். படத்தில் இடது பக்கம் கிட்டத்தட்ட வெறும் தரைதான். ஒவ்வொரு கல்லின் முதுகும் வெளுத்து மினுங்குகிறது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருட்டு. காய்ந்த தரை தன் நிறத்தைக் காட்டும். நனைந்த தரை தனக்கு மேலே இருப்பதன் நிறத்தைக் காட்டும். ஆகவே நீங்கள் அங்கே பார்ப்பது கல்லை இல்லை, வானத்தை. இன்னொன்று, யார் காலடியிலும் வெயில் நிழல் கிடையாது. கால்களுக்குக் கீழே ஈரத்தில் கரைந்த மாதிரி ஒரு மங்கல் கறை இருக்கிறது, அவ்வளவுதான். விளக்குக் கம்பமும் அப்படியே தரையில் கீழ்நோக்கி இழுபட்டு இறங்குகிறது. இந்த மூன்றையும் சரியாகப் போட்டுவிட்டால் குடையைக்கூட எடுத்துவிடலாம், மழை போகாது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, அடைமழையில் மூன்று சாயங்காலம் வரைந்து பார்த்துத் தோற்றுத் தெரிந்துகொண்டேன். முதல் நாள் தார் ரோட்டுக்குக் கறுப்பு அடித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் ரோட்டில் கறுப்பே இல்லை. எதிர் ஜவுளிக்கடையின் பச்சை டியூப்லைட் நடுரோடு வரை நீண்டு கிடக்கிறது. கடைக்காரர் வாசலில் தொங்கவிட்டிருந்த பித்தளைக் குடங்களின் மஞ்சள், மருந்துக்கடைச் சிவப்பு, நடுவில் வானத்தின் சாணிச்சாம்பல். ஒரு ஆட்டோ போனதும் எல்லாம் கிழிந்து, மறுபடி மெல்ல ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் கரென்ட் போய்விட்டது. ஒரு நொடியில் ரோடு மொத்தமும் ஒரே சாம்பல். பாரிஸ்காரர் படத்தில் இருக்கும் அதே சாம்பல்! கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். கடைக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

*

பாவம், மழையில் நின்றுகொண்டே எப்படித்தான் வரைந்தாரோ!
- ஒரு வாசகர், நீடாமங்கலம்

நிற்கவில்லை. பாவப்பட வேண்டாம். சந்தியை நேரில் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு, வீட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஆட்களைத் தனித்தனியாகப் பென்சிலில் வரைந்து பார்த்து, சின்ன அளவில் ஒரு தடவை வண்ணத்திலும் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் பெரிய கேன்வாஸில் கை வைத்தார். அந்தப் பென்சில் படங்கள் நிறைய இன்றும் இருக்கின்றன. என்ஜினீயரிங் படித்தவர் இல்லையா, கோடு பிசகவில்லை.

*

அவர் ஏழை ஓவியராக இருந்து கஷ்டப்பட்டவரா? அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், திருவையாறு

ஓவியர் என்றால் பட்டினி கிடந்திருக்க வேண்டும் என்று நமக்கு ஓர் ஆசை. இவர் விஷயத்தில் அது நடக்காது. 1848-ல் பெரிய பணக்கார வீட்டில் பிறந்தவர். அப்பாவுக்குப் பட்டாளத்துக்குப் படுக்கை, துணி சப்ளை செய்யும் வியாபாரம். பையன் சட்டம் படித்தார், என்ஜினீயரிங் படித்தார், 1870-ல் பிரஷ்யாவோடு யுத்தம் வந்தபோது படையில் சேர்க்கப்பட்டார், திரும்பிவந்து வரையத் தொடங்கினார்.

முதலில் அவர் வரைந்த பெரிய படம் எது தெரியுமா? சட்டையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு ஒரு வீட்டின் மரத்தரையைச் சீவுகிற மூன்று கூலியாட்கள். 1875-ல் அரசாங்கக் கண்காட்சிக்கு அனுப்பினார், நடுவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் மோனே, ரெனுவார் என்ற ஓவியர்களின் கோஷ்டியோடு சேர்ந்து தனிக் கண்காட்சியில் வைத்தார். அதிலிருந்து அந்தக் கோஷ்டிக்கு இவர்தான் முதுகெலும்பு. கண்காட்சிக்கு இடம் பிடிப்பது, வாடகை கொடுப்பது, சண்டை போட்டுக்கொள்கிறவர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் இவர் தலையில். மோனே ரயில் நிலையத்தை வரைய ஆசைப்பட்டபோது பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொடுத்ததும் இவர்தான். விற்காத படங்களைத் தானே வாங்கிக்கொண்டார்.

நம் பக்கத்தில் சில மிராசுதார்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். நாகஸ்வரக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் அள்ளிக் கொடுப்பார்கள், அவர்களுக்கே நன்றாகப் பாடவும் வரும். ஊர் மட்டும் அவரை மிராசுதார் என்றுதான் சொல்லும், வித்வான் என்று சொல்லாது. கய்போத் கதை அதேதான். பணம் கொடுத்தவர் என்று பெயர் வாங்கினார், வரைந்தவர் என்று பெயர் வாங்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. வயிற்றுப்பாட்டுக்காகப் படத்தை விற்க வேண்டிய அவசியம் இல்லாததால் படங்கள் குடும்பத்துக்குள்ளேயே கிடந்தன. நாம் பேசிக்கொண்டிருக்கும் படம் அமெரிக்காவில் சிகாகோ கலைக்கூடத்துக்குப் போனதே 1964-ல்தான்.

பிற்பாடு ஆற்றங்கரையில் வீடு வாங்கிக்கொண்டு தோட்டம் போட்டார், பாய்மரப் படகு வடிவமைத்தார், அதில் பந்தயமும் ஓட்டினார். 1894-ல் 45 வயதில் போய்விட்டார். தன் சேகரிப்பில் இருந்த நண்பர்களின் படங்களை அரசாங்கத்துக்கு உயில் எழுதிவைத்திருந்தார். கிட்டத்தட்ட எழுபது படங்கள். மோனே, ரெனுவார், தெகா, பிஸாரோ, செசான் எல்லாம் அதில் உண்டு. நிறைவேற்றும் பொறுப்பு ரெனுவாருக்கு. அரசாங்கம் இரண்டு வருஷம் இழுத்தடித்து நாற்பது படங்களைப் போல எடுத்துக்கொண்டு மீதி வேண்டாம் என்றது. சும்மா கொடுத்தும் வேண்டாம் என்றார்கள்! இப்போது அந்த நாற்பதைப் பார்க்க பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் வரிசை நிற்கிறது.

*

இம்ப்ரெஷனிசம் என்றால் கிட்டே போனால் திட்டுத்திட்டாகத் தெரியும் என்று கல்லூரியில் படித்தோம். இது போட்டோ மாதிரி அல்லவா இருக்கிறது? எப்படி இம்ப்ரெஷனிசம் ஆகும்?
- ஒரு மாணவர், கும்பகோணம்

நம்ம ஊர்க் கவின் கலைக் கல்லூரிப் பிள்ளை என்று நினைக்கிறேன். கேள்வியிலேயே தெரிகிறது.

பாதி இம்ப்ரெஷனிசம் என்று வைத்துக்கொள் தம்பி. 1877 ஏப்ரலில் நடந்த அந்தக் கோஷ்டியின் மூன்றாவது கண்காட்சியில்தான் இது முதலில் தொங்கியது. அதே கண்காட்சியில்தான் மோனேயின் ரயில் நிலையப் புகையும் ரெனுவாரின் ஞாயிற்றுக்கிழமை நடனமும். அந்த இரண்டுக்கும் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் உன் சந்தேகம் நியாயம். இங்கே பொத்தான் தெரிகிறது, மீசை தெரிகிறது, அந்த அம்மாள் முகத்திரையில் இருக்கும் புள்ளிகள் தெரிகின்றன.

திட்டுத்திட்டாக வரைவது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார். 1874-ல் முதல் கண்காட்சி. நதார் என்ற போட்டோக்காரரின் பழைய ஸ்டுடியோவில், கபுசீன் பெருந்தெருவில். மோனே அதே தெருவை உயரத்திலிருந்து பார்த்து ஒரு படம் வரைந்திருந்தார். குளிர்காலம், மரங்கள், கீழே ஜனக்கூட்டம். ஒவ்வொரு ஆளும் ஒரு சின்னக் கறுப்புத் தீற்றல். லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் அதைக் கிண்டல் செய்து எழுதினார், நாக்கால் நக்கிவிட்ட மாதிரி கறுப்புக் கறையாக இருக்கிறதே, நான் தெருவில் நடந்தால் இப்படியா இருக்கிறேன் என்று. இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரும் அந்தக் கட்டுரையில் வந்த நக்கல்தான். மோனேயின் இன்னொரு படத்தின் தலைப்பை வைத்துக் கேலி செய்தது, பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது.

லெருவா கேட்ட கேள்விக்கு எனக்கு 2016 மகாமகத்தன்று பதில் கிடைத்தது. குளத்துக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டு மூன்றாவது மாடி. கீழே பார்த்தேன். அத்தனை லட்சம் ஜனத்தில் ஒருவருக்கும் மூக்கு இல்லை. தலை என்றால் ஒரு கறுப்புப் புள்ளி. நனைந்த வேட்டி என்றால் பழுப்பேறிய வெள்ளையில் ஒரு இழுப்பு. ஒரு சிவப்புப் புடவை நகர்ந்து நகர்ந்து போகிறது, ஆள் தெரியவில்லை, சிவப்புதான் தெரிகிறது. என் பெரியம்மா அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருந்தாள். அவளும் ஒரு தீற்றல்தான். மோனே கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்தார். லெருவா தனக்குத் தெரிந்ததை எதிர்பார்த்தார்.

கய்போத் மாடி ஏறவில்லை. நடைபாதையிலேயே நின்றார். ஏழெட்டு அடி தூரத்தில் வருகிறவருக்கு மூக்கு உண்டு, பொத்தான் உண்டு. ஆனால் அதே படத்தில் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போகப் போகப் பார், ஆட்கள் மங்குகிறார்கள். இது ஒன்று. படத்தை அவர் எங்கே வெட்டியிருக்கிறார் என்பது இன்னொன்று. வலது ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் பாதி உடம்போடு நிற்கிறார், மீதிப் பாதி சட்டத்துக்கு வெளியே. நம் கல்யாண ஆல்பத்தில் இப்படி எடுத்தால் போட்டோகிராபருக்குக் காசு கொடுக்க மாட்டோம். அன்றைக்கு ஓவியத்தில் அப்படி வெட்டுவது பெரிய துணிச்சல். தெரு எனக்காகப் போஸ் கொடுக்கவில்லை, நான் பார்த்தபோது இப்படித்தான் இருந்தது என்கிறார். அந்தக் குணம் இம்ப்ரெஷனிசம். கோடு மட்டும் பழைய பள்ளிக்கூடம்.

*

அவர்கள் இருவரும் கணவன் மனைவியா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

ஒரே குடைக்குள் வருகிறார்கள், கையைக் கோத்திருக்கிறார்கள். நமக்கென்ன ஐயா? நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. இருவரும் ஒரு பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு வருகிறார்கள், எதிரில் அந்தப் பாதி ஆள் குடையோடு போகிறார். நடைபாதை குறுகல். இன்னும் இரண்டு எட்டில் குடையோடு குடை இடிக்கப் போகிறது. யார் குடையைத் தூக்குவது, யார் சாய்ப்பது? 1877-லிருந்து அது முடிவாகவில்லை.

*

தெரு ஏன் இத்தனை வெறிச்சென்று இருக்கிறது? கடைத்தெரு மாதிரியே இல்லையே.
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

அது பழைய ஊர் இல்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853-லிருந்து 1870 வரை, ஓஸ்மான் என்ற அதிகாரி பாரிஸின் பழைய சந்துகளை இடித்துத் தள்ளி, அகலத் தெருக்கள் வெட்டி, ஒரே உயரத்தில் வரிசையாக வீடுகள் எழுப்ப வைத்தார். படத்தில் இருப்பது சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தி. அப்போது மாஸ்கோ சந்தி என்று பெயர், இப்போது டப்ளின் சதுக்கம். கய்போத் பிறந்தபோது அந்தப் பேட்டையில் இந்தக் கட்டடங்கள் கிடையாது. அவர் வளர வளர அவையும் வளர்ந்தன. தூரத்தில் ஏணி தூக்கிக்கொண்டு போகிற ஒரு வேலையாள்கூட உண்டு, தேடிப் பாருங்கள். பத்து வருஷம் ஏணியும் டப்பாவுமாக போர்டு எழுதித் திரிந்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவர்தான்.

எங்கள் தெருவில் திண்ணைகளை இடித்து ஷட்டர் போட்ட கடைகள் வந்த வருஷம் நினைவுக்கு வருகிறது. இடித்த மறுநாள் சாயங்காலம் கிழவர்கள் வழக்கம்போல வந்தார்கள். உட்கார இடமில்லை. கொஞ்ச நேரம் நின்றார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். பாரிஸ் படத்தில் ஆட்கள் போகிற விதத்தில் அந்தச் சாயங்காலம் இருக்கிறது. இது என் கண்ணுக்கு. மற்றவர்கள் அதில் புது நகரத்தின் சுகத்தைப் பார்க்கிறார்கள். அகலமான தெரு, சாக்கடை நாற்றம் இல்லை, கையில் இரும்புக் கம்பி வைத்த நல்ல குடை. அதுவும் பொய் இல்லை.

*

அதே காலத்தில் நம் தஞ்சாவூரில் ஏன் யாரும் தெருவை வரையவில்லை? சாமி படம் மட்டும்தானா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்

சாமி படம் மட்டும் இல்லை சார். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சில் மேடு கட்டி, கல் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டுகிற அதே குடும்பங்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே வெள்ளைக்காரர்களுக்காக வேறொரு சரக்கும் வரைந்தன. காகிதத்தில் சின்னச் சின்னப் படங்கள். குயவர் கையில் பானையோடு, பக்கத்தில் அவர் மனைவி. நாவிதர், மனைவி. பாம்பாட்டி, மனைவி. மரமேறி, மனைவி. ஊருக்குத் திரும்புகிற கம்பெனி அதிகாரிகள் ஆல்பமாகக் கட்டி வாங்கிப் போனார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன. திருச்சியில் இதையே மைக்காத் தகட்டில் வரைந்தார்கள், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும்.

கை சுத்தம் அபாரம். புடவை மடிப்பில் ஒரு மயிரிழைக் கோடு தப்பாது. ஆனால் கவனித்துப் பாருங்கள், அவர்கள் நிற்கும் இடத்தில் தெரு இல்லை. காலடியில் துண்டுப் பச்சை, பின்னால் வெளிறிய வானம், அவ்வளவுதான். வாங்குகிறவருக்குத் தேவை இன்ன ஜாதிக்கு இன்ன உடுப்பு, இன்ன கருவி என்ற பட்டியல். அந்தக் குயவர் அன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தார், மழை வந்ததா, வேகாத பானையை எதை வைத்து மூடினார் என்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பாரிஸ் படத்தில் இது தலைகீழ். குடை பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே கறுப்புக் கோட்டு. யார் வக்கீல், யார் குமாஸ்தா, சொல்ல முடியாது. அவர்கள் போகிற தெருவும் நேரமும்தான் தெரியும்.

கேமராவும் வந்துவிட்டது. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனி ராணுவக்காரர் பெரிய கோயிலைக் காகித நெகட்டிவில் படம் எடுத்தார். அற்புதமான படங்கள், ஆனால் கோயில் காலியாகத் தெரியும். அந்தக் காகிதத்தில் பதிய நேரம் பிடிக்கும், நடக்கிறவர் பதிய மாட்டார். அன்றைக்கும் பெரிய கோயிலில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கும். கருங்கல் மட்டும் பொறுமையாக நின்றது, பதிந்தது.

*

1877-ல் நம் பக்கம் எப்படி இருந்தது?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கி அப்போது பதினைந்து வருஷம். அந்த வருஷம் சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் கிடந்தது. வட பக்கத்து மாவட்டங்களில் ஜனங்கள் கஞ்சித் தொட்டிகளில் செத்து விழுந்தார்கள், தானியம் ஒரு பக்கம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அந்த எலும்புக்கூடுகளைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துப் போட்டோ எடுத்திருக்கிறார். பாரிஸ் படமும் இதுவும் ஒரே காலத்துப் படங்கள். அவரைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

*

படத்தின் அளவு என்ன? வாங்கிக் கூடத்தில் மாட்ட ஆசை.
- ஒரு வாசகி, மயிலாடுதுறை

212 செ.மீ. உயரம், 276 செ.மீ. அகலம். ஏழடிக்கு ஒன்பதடி. முன்னால் வருகிற இருவரும் ஏறக்குறைய ஆள் உயரம். உங்கள் வீடு பழைய ஓட்டு வீடாக இருந்தால் ரேழியைத் தாண்டி உள்ளே போகாது. போஸ்டர் வாங்கி மாட்டுங்கள்.

*

அந்தக் கோஷ்டியில் பெண்கள் யாரும் வரையவில்லையா?
- ஒரு கல்லூரி மாணவி, திருவாரூர்

வரைந்தார்கள். பெர்த் மோரிஸோ 1874-ல் முதல் கண்காட்சியிலேயே இருந்தார். 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளில் அவர் இல்லாதது ஒன்றே ஒன்று, 1879. அவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மேரி கஸாட் அந்த 1879-ல்தான் சேர்ந்தார். ஆனால் கய்போத் நின்ற மாதிரி தெருமுனையில் நோட்டை வைத்துக்கொண்டு தனியாக நிற்பது அவர்களைப் போன்ற வசதியான குடும்பத்துப் பெண்களுக்குச் சாத்தியமில்லை. காப்பிக் கடைக்குத் தனியாகப் போனாலே பேச்சு வரும். அதனால் தொட்டில், தோட்டம், பால்கனிக் கம்பி, நாடகக் கொட்டகையின் மேல்மாடி. பால்கனியிலிருந்து பாரிஸ் எப்படித் தெரியும் என்று மோரிஸோ வரைந்திருப்பதைத் தேடிப் பார் அம்மா. உனக்கு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். நின்று வரைகிறபோது பின்னால் வந்து எட்டிப் பார்த்து யோசனை சொல்கிறவர்கள் மட்டும் உண்டு, அது எனக்கும் உண்டு.

*

எங்கள் ஊர் வீதியை மழையில் வரைந்து பார்க்கிறேன். தரை சேறு மாதிரி வருகிறது, ஈரமாக வரவில்லை. என்ன தப்பு?
- ஒரு வாசகர், வலங்கைமான்

டப்பாக் கறுப்பு. சந்தேகமே வேண்டாம். அதை எடுத்து அலமாரியில் வையுங்கள். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் ஒரு சாம்பல் வரும். நீலம் கூடினால் வானம் விழுந்த இடம், பழுப்பு கூடினால் மண் தெரியும் இடம். அந்த இரண்டுக்குள்ளேயே முழுத் தரையையும் முடித்துவிடலாம்.

பிம்பத்தை அகலவாட்டில் தீற்றாதீர்கள். கம்பம், ஆள், விளக்கு எதுவானாலும் பிம்பம் நேராக உங்களை நோக்கித்தான் இறங்கும். இறக்கிவிட்டு, ஈரம் காய்வதற்குள் காய்ந்த பிரஷ்ஷால் குறுக்கே ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டுத் தட்டினால் சேறு.

அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் வாட்டர் கலர் காயாது, அதையும் கணக்கில் வையுங்கள். காற்றே ஈரம். நான் ஒரு தடவை அவசரப்பட்டுப் படத்தை அடுப்புக்குப் பக்கத்தில் காட்டி, வானத்தில் ஒரு கருகலோடு வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெளியே போய் வரைகிற இந்தப் பழக்கத்துக்கே காரணம் ஒரு தகர டியூப்தான். 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் செய்தது. அதற்கு முன்னால் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டிவைத்து, ஆணியால் குத்திப் பிதுக்குவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கா போவது?

*

என்னிடம் இருக்கும் பழைய புத்தகத்தில் இந்தப் படம் மஞ்சளாக இருக்கிறது. உங்கள் இதழில் நீலச்சாம்பல். அச்சுக் கோளாறா? எது சரி?
- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

எங்கள் அச்சகத்துக்கு இந்த ஒரு தடவை மன்னிப்பு. நீலச்சாம்பல்தான் சரி.

எண்ணெய்ப் படத்தின் மேல் பூசுகிற வார்னிஷ் வருஷம் போகப் போக மஞ்சளாகும். சாமி அறையில் மாட்டின தஞ்சாவூர்ப் படம் கற்பூரப் புகையில் பழுப்பேறுவது மாதிரி, மெல்ல, ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல். சிகாகோவில் அந்தப் பழைய வார்னிஷை எடுத்துச் சுத்தம் செய்து 2014-ல் மறுபடி வைத்தார்கள். அப்போதுதான் வானமே வெளியே வந்தது. மப்பு கொஞ்சம் விலகுகிற மாதிரி ஒரு வெளிச்சம் அதில் இருக்கிறது. மழை விடப்போகிறதோ என்று தோன்றும்.

எனக்கு இது பெரிய சங்கடம். என்னிடம் இருந்தது ஒரு பழைய காலண்டர் பிரின்ட், நல்ல மோர்க்குழம்பு மஞ்சள். அதை வகுப்பில் மாட்டிவைத்து, "ஐரோப்பாவில் மழை வெளிச்சம் மஞ்சளாகத்தான் இருக்கும்" என்று இருபது வருஷம் பாடம் நடத்தினேன். ஒரு பையன்கூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பரீட்சைத் தாளில் அதையே எழுதி மார்க்கும் வாங்கினார்கள். இதைப் படிக்கிற என் பழைய மாணவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.

*

நீங்கள் பெரிய கடைத் தெருவில் மழையில் வரைந்ததாக முன்பு ஒரு பதிலில் சொல்லியிருந்தீர்கள். அதை வெளியிடலாமே?
- ஒரு வாசகி, சுவாமிமலை

மூன்றில் ஒன்று அடுப்பில் கருகியது, மேலே சொன்னேன். ஒன்றை ஆட்டோ தெறித்த தண்ணீர் கொண்டுபோயிற்று. மிச்சம் இருக்கும் ஒன்றில் தரை மட்டும் தேறும். உரச்சாக்கைத் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரை அதில் வைத்திருந்தேன், அவருக்குக் கால் சரியாக வரவில்லை. இந்த ஐப்பசியில் மறுபடி உட்காரப் போகிறேன். பாத்திரக் கடைக்காரர் ஸ்டூல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குடங்களை மட்டும் மறைக்காமல் உட்கார வேண்டுமாம்.